பாசக்கயிறும் சிறைமதிலும்

சிறையில் அடைக்கப்பட்ட ஒருவருக்கு அங்கேயே இருக்கவேண்டிய கடமை உண்டா? அடைத்துவைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்பதை எல்லா நாட்டுச் சட்டங்களும் ஏற்கின்றன. அடைபட்டவர் அதற்கு இணங்கி உள்ளே இருந்தாக வேண்டுமா என்பதில்தான் அவை பிரிகின்றன. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 262ஆம் பிரிவு, சட்டப்படியான காவலிலிருந்து தப்புகிறவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 224ஆம் பிரிவும் அப்படியே சொன்னது. ஜெர்மனி, மெக்சிகோ ஆகிய நாடுகளில் சிறையிலிருந்து வெளியேறுவது மட்டுமே குற்றமாகாது. யாரையும் அடிக்காமல், எதையும் உடைக்காமல், யாருக்கும் லஞ்சம் கொடுக்காமல் ஒருவர் போய்விட்டால், பிடித்துவந்து மீதித் தண்டனையை அனுபவிக்க வைப்பார்கள். தப்பியதற்கென்று தனித் தண்டனை இல்லை. விடுதலையை நாடுவது உயிரின் இயல்பு, இயல்பைத் தண்டிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டங்களின் நிலை.

இந்தியச் சட்டத்திலும் கவனிக்கவேண்டிய ஒரு சொற்றொடர் இருக்கிறது. அது தண்டிப்பது ‘சட்டப்படியான’ காவலிலிருந்து தப்புவதை மட்டுமே. காவலே சட்டத்துக்குப் புறம்பானதாக இருந்தால் அதை விட்டு நீங்குவது குற்றமில்லை. ஆக, உள்ளே இருக்கும் கடமை சுவரிலிருந்து பிறப்பதில்லை, அடைத்தவரின் நேர்மையிலிருந்து பிறக்கிறது என்பதைச் சட்டமே ஓரளவு ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மையை எப்படி அளப்பது, அது எந்த இடத்தில் முறிகிறது என்பவை சட்டத்தைவிடச் சமயங்கள் நெடுங்காலம் யோசித்த கேள்விகள்.

சிறையிலிருந்து தப்பும் போக்குகளை முதலில் பார்த்துவிடலாம். தப்புதல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சுரங்கமும் அறுத்த கம்பியும். 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகாலில் வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். 2004 ஜனவரியில் சண்டிகரின் புரைல் சிறையிலிருந்து, பஞ்சாப் முதல்வர் பியாந்த் சிங் கொலை வழக்கில் அடைபட்டிருந்தவர்கள் அதே வழியில் போனார்கள். 2015 ஜூலையில் மெக்சிகோவின் அல்டிப்ளானோ சிறையில், போதைப்பொருள் தலைவர் குஸ்மானின் அறைக் குளியலிடத்துக்கு அடியில் தொடங்கிய சுரங்கம் ஒன்றரைக் கிலோமீட்டர் நீண்டிருந்தது. செய்தியில் பெரிதாக வந்தாலும் இவை அரியவை. இந்தியாவில் தப்புதல் பெரும்பாலும் மதிலுக்கு வெளியேதான் நடக்கிறது: நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் வழிக்காவலில், அரசு மருத்துவமனையின் கைதிகள் வார்டில், காவல் நிலையத்தில், பரோல் முடிந்தும் திரும்பாமல் போவதில். தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் ஆண்டுதோறும் சிறைக்குள்ளிருந்து தப்பியவர்களை ஒரு கணக்காகவும், வெளிக்காவலிலிருந்து தப்பியவர்களை வேறு கணக்காகவும் பிரித்தே தருகிறது.

செல்வமும் நிலைத்த ஆட்சியும் உள்ள நாடுகளில் மதில் தாண்டுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. இங்கிலாந்தில் 1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானோர் தப்பினார்கள். 1994 செப்டம்பரில் வொயிட்மூர், 1995 ஜனவரியில் பார்க்ஹர்ஸ்ட் என இரண்டு உயர்காவல் சிறைகளிலிருந்து கைதிகள் வெளியேறியபின் காவல் முறை முழுவதும் மாற்றப்பட்டது. எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கியது. அமெரிக்காவின் கொலராடோவில் 1994இல் திறந்த ஏடிஎக்ஸ் சிறையிலிருந்து இதுவரை யாரும் தப்பியதில்லை. அங்கே பெரும்பாலான கைதிகள் நாளில் 23 மணி நேரம் சிமெண்ட் அறையில் தனியாக இருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிராக, அரசு ஆட்டம் காணும் இடங்களில் சிறைகள் மொத்தமாகக் காலியாகின்றன. 2024 மார்ச்சில் ஹைட்டியில் ஆயுதக் கும்பல்கள் தலைநகர்ச் சிறையை உடைத்தபோது 3,600 பேருக்கு மேல் வெளியேறினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வங்கதேச ஆட்சி மாற்றத்தின்போது 2,000 பேருக்கு மேல், டிசம்பரில் மொசாம்பிக்கில் 1,500 பேருக்கு மேல், 2025 செப்டம்பரில் நேபாளக் கிளர்ச்சியின்போது 13,000 பேருக்கு மேல். இயற்கையும் இப்படிக் கதவு திறந்ததுண்டு. 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தில் தலைநகர்ச் சிறை முழுவதும் காலியானது. 2018இல் இந்தோனேசியாவின் பாலு நகரம் குலுங்கியபோது கைதிகள் வீட்டாரைத் தேடி ஓடினார்கள். சிலர் பின்னால் திரும்பி வந்து பதிவு செய்துகொண்டார்கள்.

கணக்குகள் சொல்வது இவ்வளவே: சுவர் பலமாக இருந்தால் தப்புவது குறையும், அரசு தளர்ந்தால் பெருகும். தப்பாமல் இருந்தவர் ஏன் இருந்தார், இருந்தது சரியா என்ற கேள்வியை அவை தொடுவதில்லை. ஏடிஎக்ஸ் சிறையில் யாரும் தப்பவில்லை என்பதால் அது நியாயமான இடமாகிவிடாது. பாலுவில் திரும்பி வந்த சிலரே ஓடியவர்களைவிடப் பெரிய கேள்வியை எழுப்புகிறார்கள்.

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி வரை உள்ள சிறிய கடற்கரைப் பகுதியில் இந்தக் கேள்வியைச் சுற்றிய கதைகளும் வரலாறும் செறிந்திருக்கின்றன. நடுவே இருக்கிறது திருக்கடையூர். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று, எமனைச் சிவன் உதைத்த இடம். அறுபதாம் ஆண்டு நிறைவுக்கும் எண்பதில் சதாபிஷேகத்துக்கும் குடும்பத்தோடு வந்து மாலை மாற்றிக்கொள்வோர் இல்லாத நாளே அந்தக் கோயிலில் இல்லை. அத்தனை பேரையும் அங்கே வரவழைப்பது மார்க்கண்டேயன் கதை. உயிர்களைப் பிடித்துப்போகும் காவலன் ஒருவன் வெறுங்கையோடு போன கதையாகவே அதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

கதையைக் கூர்ந்து பார்த்தால் அது தப்பிய கதையல்ல. மிருகண்டு முனிவருக்கு இரண்டு தேர்வுகள் தரப்பட்டன: நெடுநாள் வாழும் அறிவற்ற மகன், அல்லது 16 வயது வரை மட்டும் வாழும் நற்குண மகன். அவர் இரண்டாவதைக் கேட்டு வாங்கினார். ஆகவே பதினாறு என்பது எமன் இட்ட கெடு அல்ல, தந்தை ஒப்புக்கொண்டு பெற்ற வரம்பு. கெடு முடிந்த அன்று எமன் வந்தது அக்கிரமமும் அல்ல, அவனுக்கு இடப்பட்ட பணி. மார்க்கண்டேயனும் ஊர் மாறி ஒளியவில்லை, உருமாறவில்லை, கயிற்றை அறுக்க முயலவில்லை. பூசையில் இருந்தான், லிங்கத்தைக் கட்டிக்கொண்டான். எமன் எறிந்த பாசம் சிறுவனோடு லிங்கத்தையும் சேர்த்து வளைத்தது. சிவன் வெளிப்பட்டது அப்போதுதான்.

கடமையைச் செய்யவந்த ஒருவன் ஏன் உதைபட்டான்? பிடிக்க வந்தது எமனின் தவறாக இருக்க முடியாது. அப்படியானால் அவன் தொழிலே தவறாகிவிடும். அவன் தவறு கயிற்றை எறிந்த இடத்தில் இருக்கிறது. அடைக்கலம் புகுந்த இடத்தையும், தன் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதையும் சேர்த்துக் கட்ட முற்பட்டான். பிடிக்கும் அதிகாரம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு, எல்லை தாண்டிய கணத்தில் அந்த அதிகாரம் வீழ்கிறது என்றே தலபுராணத்தை வாசிக்க வேண்டியிருக்கிறது. அதன்பின் வருவதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எமன் இல்லாமல் உலகில் சாவு நின்றது. பிறப்பு மட்டும் தொடர்ந்தது. பாரம் தாங்காமல் பூமாதேவி முறையிட்டாள். சிவன் எமனை எழுப்பி அவன் தொழிலை அவனுக்கே திரும்பக் கொடுத்தார். ஒரு சிறுவனுக்குக் கெடு நீங்கியது, உலகுக்குச் சட்டம் நின்றது. இன்றைய ஆட்சிமுறையில் இதற்கு நெருக்கமானது அரசமைப்பின் 72, 161ஆம் பிரிவுகளின் கீழ் குடியரசுத் தலைவரும் ஆளுநரும் தரும் தண்டனைக் குறைப்பு. சிறை உடைப்புக்கும் இந்தக் கதைக்கும் உறவே இல்லை.

பூமாதேவி இந்தக் கதையில் ஓரமாக வந்துபோகும் பாத்திரம். ஆனால் தப்புவது பற்றிய சமயச் சிந்தனை முழுவதையும் திறக்கும் கேள்வி அவளுடையது: ஒருவர் விடுபட்டதன் சுமை யார் தலையில் விழுகிறது?

திருக்கடையூர்க் கோயிலை நிர்வகிக்கும் தருமபுரம் ஆதீனம் வளர்த்த சைவ சித்தாந்தம் இதற்குத் தன் பதிலைக் கொண்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் வகுத்த அந்தத் தத்துவத்தில், உயிர் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலத்தால் கட்டுண்டது. உடலும் உலகும் அந்தக் கட்டின் பகுதிகளே. ஆனாலும் அவை உயிரை வதைப்பதற்காகத் தரப்பட்டவை அல்ல. மலம் பக்குவப்படுவதற்காக, அருளால் தரப்பட்டவை. பிராரத்த வினை நுகர்ந்து கழிய வேண்டும். பாதியில் எழுந்து போனால் வினை தொலையாது, வேறு உடலில் தொடரும். உயிர் தன் முயற்சியால் மட்டும் கட்டை அறுத்துக்கொள்ளவும் முடியாது, அறுப்பது அருள். இந்த நோக்கில் சிறை தாண்டுவது பாவம் என்பதைவிடப் பயனற்றது என்பதே பொருந்தும்.

இதிலிருந்து எளிதாக ஒரு தவறான முடிவுக்குப் போய்விடலாம். அரசின் சிறையும் வினையின் விளைவுதானே, அமைதியாக அனுபவி என்று கைதியிடம் சொல்லிவிடலாம், சொல்லியும் இருக்கிறார்கள். சித்தாந்தம் அதற்கு இடம் தருவதாகத் தெரியவில்லை. இறைவன் தரும் கட்டு உயிரின் பக்குவத்துக்கானது என்பதுதான் அந்தக் கட்டுக்கு நியாயம். அதே அளவுகோலை மனிதர் கட்டிய சிறைக்கும் வைத்தால், உள்ளிருப்பவரைப் பக்குவப்படுத்தாமல் வெறுமனே வைத்திருக்கும் சிறை அந்த நியாயத்தைக் கோர முடியாது. சைவத்தின் சொந்த வரலாறும் அரசனின் சிறையைப் புனிதமாக்கவில்லை. பல்லவன் நாவுக்கரசரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் ஓடவில்லை, பணியவும் இல்லை. அந்த நாவுக்கரசர் பாடிய தலங்களில் கடவூர் வீரட்டமும் ஒன்று. முதலாம் சரபோஜி காலத்தவராகச் சொல்லப்படும் அபிராமி பட்டர், அமாவாசையைப் பௌர்ணமி என்று சொன்னதற்காகத் திருக்கடையூரிலேயே தீக்குழிமேல் தொங்கியவர். அன்று அமாவாசைதான், வாய் தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கி வீட்டுக்குப் போயிருக்கலாம். அபிராமி அந்தாதி பிறந்தது அவர் அந்த வார்த்தையைச் சொல்லாததால்.

இவர்கள் இருவரும் தப்ப வழியில்லாமல் இருந்தவர்கள், அல்லது தப்பும் வழி தம் சொல்லை விழுங்குவதாக இருந்தவர்கள். வழி இருந்தும் போகாமல் இருந்தவள் மணிமேகலை. அவள் கதை நடந்த புகார் நகரம் திருக்கடையூருக்கு வடக்கே சற்றுத் தொலைவில். சீத்தலைச் சாத்தனாரின் காப்பியத்தில் சிறை இரண்டு முறை வருகிறது. முதலில் மணிமேகலை காயசண்டிகை என்ற பெண்ணின் உருவில் அமுதசுரபியோடு சிறைக்கோட்டத்துக்குள் போய்ப் பசித்த கைதிகளுக்குச் சோறிடுகிறாள். காவலர் அரசனிடம் சொல்ல, அவன் அவளை அழைத்து வேண்டியதைக் கேட்கச் சொல்கிறான். சிறையை ஒழித்து அறவோர் வாழும் இடமாக்கு என்கிறாள். அரசன் அப்படியே செய்கிறான். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. சிறையிலிருந்து ஆளை விடுவித்த கதைகள் உலகில் ஏராளம். சிறையையே அறச்சாலையாக மாற்றிய அரசனைப் பாடிய பழைய இலக்கியம் அரிது. தமிழர் அதிகம் பேசாத பெருமைகளில் இது ஒன்று.

பிறகு அரசகுமாரன் உதயகுமரன் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் வாளால் இறக்கிறான். பழி மணிமேகலையைச் சுற்றுகிறது, அவளே காவலில் வைக்கப்படுகிறாள். மகனை இழந்த அரசி அவளைத் தன்னிடம் வரவழைத்துப் பழிதீர்க்க முயல்கிறாள். மயக்க மருந்து தருகிறாள், ஓர் இளைஞனை ஏவுகிறாள், கடைசியில் புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடுகிறாள். மணிமேகலைக்கு வான்வழி செல்லும் மந்திரம் தெரியும், வேற்றுருவம் எடுக்கும் மந்திரம் தெரியும், பசியைப் போக்கும் மந்திரம் தெரியும். முதலாவதை மட்டும் அவள் பயன்படுத்தவில்லை. மற்ற இரண்டால் தன்னைக் காத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். அரசி நடுங்கி வணங்கும்போது காரணம் வெளிப்படுகிறது: உதயகுமரன் முற்பிறப்பில் அவள் கணவன், அவனைப் பெற்றவளின் துயரைத் தீர்க்காமல் போக அவளுக்கு மனமில்லை.

இங்கே இருத்தல் என்பது சட்டத்துக்குப் பணிவது அல்ல. அரசியின் செயல் அநியாயம், காப்பியமும் அதை அநியாயமாகவே காட்டுகிறது. மணிமேகலை இருப்பது தன்னை அடைத்தவளுக்காக. தான் பறந்துபோனால் அந்தத் தாய் வெறுப்போடு தனியே மிஞ்சுவாள் என்பதற்காக. கைதிக்குச் சிறைக்காரர் மேல் பொறுப்பு உண்டு என்று சொல்வது துணிச்சலான கருத்து. எல்லோரிடமும் எதிர்பார்க்கத் தக்கதும் அல்ல. ஆனால் வேறு சமய நூல்களும் அதே இடத்துக்கு வந்து நிற்கின்றன.

விவிலியத்தின் அப்போஸ்தலர் பணிகள் நூலில் இரண்டு சிறைக் காட்சிகள் இருக்கின்றன. 12ஆம் அதிகாரத்தில் தேவதூதன் பேதுருவின் சங்கிலிகளைக் கழற்றி வெளியே கொண்டுபோகிறான். மறுநாள் ஏரோது காவலர்களை விசாரித்து அவர்களைக் கொல்லச் சொல்கிறான். 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி நகரச் சிறையை நிலநடுக்கம் உலுக்கிக் கதவுகளைத் திறக்கிறது. கைதிகள் போய்விட்டார்கள் என்று நினைத்த சிறைக்காவலன் வாளை உருவித் தன்னைக் கொல்லப் போகிறான். நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்று பவுல் இருளிலிருந்து குரல் கொடுக்கிறார். முதல் காட்சி தெய்வச் செயல் என்பதில் நூலுக்கு ஐயமில்லை. ஆனாலும் செத்த காவலர்களை மறைக்காமல் அது எழுதிவைத்திருக்கிறது. திருக்கடையூருக்குத் தெற்கே தரங்கம்பாடியில், டேனியர் 1620இல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையில், சமயப் பணியாளர் சீகன்பால்கு 1708 இறுதியில் அடைக்கப்பட்டு ஏறத்தாழ நான்கு மாதம் இருந்தார். அடைத்தது அந்தக் கோட்டையின் தளபதியே. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணியை அவர் சிறைக்குச் சற்று முன்புதான் தொடங்கியிருந்தார்.

கண்ணன் பிறந்த இரவில் வடமதுரைச் சிறையின் விலங்குகள் கழன்றன, காவலர் உறங்கினர். வசுதேவர் குழந்தையை ஆயர்பாடியில் விட்டுவிட்டு மீண்டும் சிறைக்கே வந்தார், விலங்குகள் பூட்டிக்கொண்டன. தேவகி உள்ளே இருந்தாள். திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயத்தில் யூசுஃப் நபியை மன்னன் வெளியே அழைக்கிறான்; தன்மேல் சுமத்திய பழி விசாரிக்கப்படும் வரை அவர் வர மறுக்கிறார். கோல்கொண்டாவில் அடைபட்டிருந்த பத்ராசலம் ராமதாசர் கதையில் ராமன் மதிலை உடைக்கவில்லை. ஆள்மாறாட்டமாகச் சுல்தான் தானிஷாவிடம் போய், பக்தர் கோயில் கட்டச் செலவிட்ட அரசுப் பணத்தை எண்ணிக் கொடுத்து ரசீது வாங்குகிறான். இந்தக் கதைகளைச் சொல்லி வளர்ந்த மக்கள், விடுதலைக்குத் தெய்வமே வந்தாலும் கணக்கு நேராக வேண்டும் என்று கருதியிருக்கிறார்கள்.

விடுதலைப் போராட்டம் இந்தக் கேள்வியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை தண்டனை மட்டுமல்ல, போராட்டத்தின் கருவியும்கூட. தப்பினால் கருவி முறிந்துவிடும். சாக்ரடீஸ் கி.மு. 399இல் நண்பர் கிரிட்டோ ஏற்பாடு செய்த வழியை மறுத்ததற்குச் சொன்ன காரணம், வாழ்நாள் முழுவதும் ஏதென்ஸின் சட்டங்களால் பயன்பெற்றவன் கடைசியில் அவற்றை ஏமாற்றக் கூடாது என்பது. காந்தியின் காரணம் வேறு. அவர் பிரிட்டிஷ் சட்டத்துக்கு நன்றி பாராட்டவில்லை. மறைவு என்பதே பொய்யின் ஒரு வகை என்று கருதினார். 1944இல் தலைமறைவாக இருந்த அருணா ஆசஃப் அலியைச் சரணடையச் சொல்லி எழுதினார். அதே போராட்டத்தில் 1942 நவம்பர் 9, தீபாவளி இரவில் ஜெயப்பிரகாஷ் நாராயணும் தோழர்களும் ஹசாரிபாக் சிறை மதிலை வேட்டிகளை முடிந்து ஏறிக் கடந்தார்கள். நாடு அவர்களைக் கொண்டாடியது. அந்நியன் பூட்டிய கதவுக்கு எந்தக் கடமையும் இல்லை என்பது அவர்கள் வாதம், அதை மறுப்பதும் எளிதல்ல.

திருக்கடையூருக்கு அருகிலுள்ள தில்லையாடிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. அந்த ஊரை வேராகக் கொண்ட குடும்பத்தில் 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர் வள்ளியம்மை. கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பையும், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்மேல் விதித்த மூன்று பவுண்டு வரியையும் எதிர்த்து டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்கு எல்லை கடந்த பெண்களில் அவரும் ஒருவர். மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. சிறையிலேயே காய்ச்சல் பற்றியது. முன்கூட்டி விடுவிக்க முன்வந்தபோது ஏற்க மறுத்தார் என்று சொல்லப்படுகிறது. வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16. நோய்ப்படுக்கையில், சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டபோது, மறுபடியும் பிடித்தாலும் போகத் தயார் என்று அவர் சொன்னதைக் காந்தி எழுதிவைத்திருக்கிறார். 1915இல் தில்லையாடிக்கே வந்து அஞ்சலியும் செலுத்தினார். ஒரே வட்டாரம், ஒரே வயது. ஒரு பதினாறுக்கு அருள் வந்து கயிற்றை விலக்கியதாகப் புராணம், இன்னொரு பதினாறு கயிற்றைத் தானே ஏற்றுக்கொண்டதாக வரலாறு. வள்ளியம்மை போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உடன் இருந்த மற்றப் பெண்கள் உள்ளே இருந்தார்கள் என்பதும் அவர் முடிவில் இருந்திருக்க வேண்டும்.

இருப்பதே உயர்ந்தது என்று இவற்றை வைத்து விதி செய்துவிட முடியாது என்பதற்கு 1983 ஜூலை சாட்சி. கொழும்பு வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். சிங்களக் கைதிகள் அவர்களைத் தாக்கியபோது காப்பாற்றவேண்டியவர்கள் காப்பாற்றவில்லை. அதற்காக யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. உயிர் பிழைத்தவர்கள் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். செப்டம்பர் 23 அன்று அந்தச் சிறை உடைக்கப்பட்டது, அவர்கள் வெளியேறினார்கள். அவர்களுக்கு உள்ளே இருக்கும் கடமை இருந்ததா? ஒருவரை அடைக்கும் அரசு அவர் ஓடும் உரிமையை எடுத்துக்கொள்கிறது. பதிலுக்கு அவர் உயிருக்குத் தானே பொறுப்பு என்று ஏற்கிறது. முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்ட அரசு, எல்லை தாண்டிய எமனைவிடக் கீழான நிலையில் இருக்கிறது. எமன் தான் பிடித்தவரை வேறொருவர் கொல்ல விட்டதில்லை. மட்டக்களப்பில் வெளியேறியவர்களைப் பிழை சொல்ல எந்தச் சமய நூலிலும் ஆதாரம் தேட முடியாது.

மற்ற எல்லாத் தப்புதல்களும் வள்ளியம்மை, மட்டக்களப்பு என்ற இந்த இரண்டு எல்லைகளுக்கு இடையில் விழுகின்றன. அங்கே பூமாதேவியின் கேள்வி மீண்டும் வருகிறது. வழிக்காவலில் கைதி தப்பினால் கூடப் போன காவலர்கள் சஸ்பெண்ட் ஆவார்கள். அலட்சியத்தால் தப்பவிட்ட ஊழியருக்குச் சிறைத் தண்டனையும் சட்டத்தில் இருக்கிறது. அவர்களும் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். 2016 அக்டோபர் 31 அதிகாலையில் போபால் மத்தியச் சிறையிலிருந்து விசாரணைக் கைதிகள் எட்டுப் பேர் வெளியேறினார்கள். தலைமைக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். சில மணி நேரத்தில் எட்டுப் பேரும் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் மேலிருந்த வழக்குகளில் தீர்ப்பு வரவில்லை, இனி வரவும் போவதில்லை. ஒவ்வொரு தப்புதலுக்குப் பின்னும் சிறையில் மிச்சம் இருப்பவர்களின் நேர்காணல் குறைகிறது, சோதனை கூடுகிறது, பரோல் மனுக்கள் தங்கிவிடுகின்றன. தப்பியவரின் ஆசை பாவமல்ல. அதற்கான விலையை அவர் கேட்டறியாத வேறு பலர் கொடுக்கிறார்கள் என்பதில்தான் தவறு இருக்கிறது.

விலையைக் கணக்கிடும்போது அரசின் பக்கத்தையும் எழுத வேண்டும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூறில் எழுபத்தைந்து பேருக்கு மேல் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். சிறைகள் கொள்ளளவுக்கு மேல் 31 விழுக்காடு நிரம்பியிருந்தன. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்கள் உண்டு. சித்தாந்தத்தின் மொழியில், இவர்கள் நுகரவேண்டிய வினை எது என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. சாக்ரடீஸின் வாதமும் இவர்களுக்குப் பொருந்தாது. அவர் ஒரே நாளில் விசாரணை நடந்து தீர்ப்புப் பெற்றவர். விசாரணைக் கைதிக்கு நியாயமாக இருக்கக்கூடிய ஒரே கடமை, கூப்பிட்ட நாளில் நீதிமன்றத்தில் வந்து நிற்பது. அதற்குப் பூட்டு தேவையில்லை என்பதால்தான் ஜாமீன் என்ற ஏற்பாடே இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் விடுவிக்கச் சொல்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு அது பொருந்தாது.

பூட்டில்லாமலும் மனிதர் இருப்பார்கள் என்பதற்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது. ராஜஸ்தானின் சங்கனேரில் 1963 முதல் இயங்கும் திறந்தவெளிச் சிறையில், கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர்கள்கூட மனைவி மக்களோடு குடியிருக்கிறார்கள். பகலில் நகரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள், மாலை எண்ணிக்கைக்குத் திரும்புகிறார்கள். தப்பியவர் மிகச் சிலர். தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் கைதிகள் திறந்த வெளியில் பயிர் செய்கிறார்கள். புகாரின் அரசன் செய்ததற்கு இன்றைய ஆட்சிமுறையில் மிக அருகில் வரும் ஏற்பாடு இதுதான். 1996இல் ராமமூர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய சிறைகளை விரிவாக்கச் சொன்னது. இருந்தும் நாட்டின் கைதிகளில் மிகச் சிறு பகுதியினருக்கே அந்த இடம் கிடைக்கிறது. விதிகளின்படி அங்கே போகத் தகுதி பெறுவோர் நன்னடத்தையோடு தண்டனையில் ஒரு பகுதியைக் கழித்த தண்டனைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படாத லட்சக்கணக்கானவர்கள் உயர்ந்த மதிலுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறார்கள்.